தூக்கிக் கட்டிய வண்டி

பாக்கியலக்ஷ்மி மேடம் என்னை வேலைக்கு எடுத்தபோது துப்பறியும் உதவியாளர் என்றுதான் சொன்னார். அளவுகோல் என்று சொல்லவில்லை. ஆனாலும் அன்று காலை கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சஜியின் மிளகு குடோன் வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்க்க, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

"நிமிந்து நில்லு ஒச்சு."

"இதுக்கு மேலே நிமிந்தா நான் ஒச்சப்பன் இல்லை மேடம், கொடிக்கம்பம்."

குடோன் வாசலின் கல் வளைவில் என் உள்ளங்கைகள் இரண்டும் முழுசாகப் பதிந்தன. மேடம் அதை ஒரு தடவை பார்த்தார். கைப்பையிலிருந்து கட்டைப் பென்சிலை எடுத்தார், எதுவும் எழுதாமலேயே திரும்ப உள்ளே போட்டார். அவர் அப்படிச் செய்தால் மனசுக்குள் எழுதிவிட்டார் என்று அர்த்தம்.

நானும் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். சற்று முன்புதான் போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டில், முன்பக்கம் நொறுங்கி நின்ற அந்தப் பழைய ஃபோர் வீல் பிக்கப்பின் பக்கத்தில் இதேபோலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். அங்கே என் விரல் நுனிகூட வண்டியின் கூரையைத் தொடவில்லை. இத்தனைக்கும் டயரில் காற்று இறங்கி உட்கார்ந்துபோன வண்டி அது.

"விபத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க வண்டி இந்த குடோனுக்குள்ளே பூட்டிக் கிடந்ததுன்னு சஜி சொன்னான்," என்றார் மேடம். "எப்படி உள்ளே போச்சாம்? படுத்து உருண்டா?"

வழக்கமாக இந்த மாதிரி வசனமெல்லாம் என்னுடையது. மேடம் அதைப் பிடுங்கிக்கொள்கிறார் என்றால் உள்ளே ஏதோ உறுத்துகிறது என்று பொருள்.

உறுத்தியது ரோஜா. நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த சாயாவை ஆற விட்டுவிட்டுப் பேசினாள். அவள் புருஷன் மாரிச்செல்வம் மட்டாஞ்சேரியில் ஜீப் பட்டறை வைத்திருப்பவர். பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கி மலையேறுகிற பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாம் வண்டியைத் தூக்கிக் கட்ட அவரிடம்தான் வருவார்கள். அச்சுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டைகளை மேலே ஏற்றி, பாடியை ஒரு சாண் உயர்த்தி, பெரிய டயர் மாட்டிக் கொடுப்பார். சஜி தன் அப்பா காலத்து பிக்கப்பை அப்படித்தான் தூக்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனவன் வேலன், ரோஜாவின் ஒரே தம்பி. பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டத்தின் மேல் ஏறாமல் இருக்க வண்டியை ஒடித்துச் சுவரில் கொண்டுபோய் விட்டான். கூட்டத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வேலனின் உயிர் அங்கேயே போய்விட்டது.

வண்டி உயர்ந்தால், பாடியிலிருந்து சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸும் நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது இழுபட்டு அறுந்துவிடும். பழைய வண்டி என்பதால் ஒன்று அறுந்தாலே மொத்தப் பிரேக்கும் காலி. அறுந்து கிடந்தது பழைய குட்டை ஹோஸ். மாரிச்செல்வம் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், நீள ஹோஸ் மாட்ட மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ஜாமீனில் வந்தவரை ரோஜா வீட்டுக்குள் விடவில்லை. அவர் பட்டறையில் படுத்துக்கொள்கிறார்.

"அவர் மறக்கற ஆள் இல்லைக்கா," என்று ரோஜா மேடத்திடம் சொன்னாள். "தூக்கிக் கட்டின வண்டி வெளிய போறப்ப நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கித்தான் அனுப்புவாரு. பழம் நான்தான் வீட்டுலேர்ந்து எடுத்துக் குடுக்கணும். ஒரு தடவை மூணுதான் இருந்துச்சு. நாலாவது வாங்கிட்டு வர்ற வரைக்கும் வண்டிய நகர்த்தலை. அப்படிப்பட்ட மனுஷன் ஹோஸை மறந்தேங்கறாரு."

பிறகு சண்டையைப் பற்றிச் சொன்னாள். வேலன் மச்சானிடம்தான் தொழில் பழகினான். தனியாக ஒரு வண்டி தூக்கிக் கட்டுகிறேன் என்று அவன் கேட்க, இன்னும் கை பழகவில்லை என்று இவர் சொல்ல, பேச்சு முற்றி இவர் கை நீட்டிவிட்டார். வேலன் கோபித்துக்கொண்டு சஜியிடம் டிரைவராகப் போனான். அதற்கப்புறம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அவரு மறந்தாரா, இல்ல வேணும்னே விட்டாரா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நாளைக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டு ராஜபாளையம் போறேன். திரும்பி வரணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

இதுதான் கேஸ். கொலைகாரனைப் பிடித்துக் கொடு என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் புருஷன் கொலைகாரன் இல்லை என்று நிரூபி என்று வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் சரி, தெரிந்தால் போதும் என்று வந்தவள் இவள் ஒருத்திதான். மேடம் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மேடம் பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்தவர். நொறுங்கிய வண்டி அவருக்குப் புதுசில்லை. ரோஜா போன பிறகு அந்த ஆறிய சாயாவை அவரே எடுத்துக் குடித்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடோனுக்குள்ளிருந்து சஜி வந்தான். நாற்பதைத் தொடாத வயசு, வெள்ளை முண்டு, மிளகுத் தூசியில் சிவந்த கண். மேடம் அவனை வளைவுக்குக் கீழே நிற்க வைத்து, வண்டியின் உயரத்தையும் வாசலின் உயரத்தையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். நடுவில் நானும் என் பங்குக்கு, கல்லைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னீர்களா சேட்டா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. வியர்வையை முண்டு நுனியால் துடைத்தான்.

"சேச்சி, வண்டி இங்கதான் கிடந்தது. அது சத்தியம். ஆனா அப்போ ஒசரம் இல்லை," என்றான்.

மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. பழைய வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் தகுதி டெஸ்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தூக்கிக் கட்டிய வண்டியை டெஸ்ட் கிரவுண்டுக்குக் கொண்டுபோனால் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார், ஃபைனும் விழும். அதனால் இந்த வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட்டுக்கு முன்னால் வண்டியைப் பழையபடி இறக்கிவிடுவார்கள். பழைய பட்டை, பழைய டயர், பழைய ஹோஸ் எல்லாம் திரும்ப ஏறும். நீள ஹோஸ் தொங்கினாலே இன்ஸ்பெக்டருக்கு மூக்கில் வேர்க்குமாம். டெஸ்ட் பாஸானதும் மறுபடி தூக்கிவிடுவார்கள். சஜியின் வண்டியும் அப்படித்தான் இறங்கி, பாஸாகி, மறுபடி ஏறியிருக்கிறது. ஏறின அன்று சாயங்காலமே பாலத்து இறக்கம்.

"எல்லாரும் செய்யறதுதான் சேச்சி. போலீஸ்ல சொன்னா என் பேர்ல கேஸ் வரும்னு பயந்துட்டேன்."

"மறுபடி தூக்கினது யாரு?"

தனக்குத் தெரியாது என்றான். வேலனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னானாம். பள்ளுருத்தியில் மூடிக் கிடக்கிற பழைய ஐஸ் பிளான்ட்டின் கொட்டகையில் வைத்து வேலை நடந்ததாம். மச்சானைக் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்து இவன் கேட்கவில்லை.

பள்ளுருத்திக்கு ஆட்டோவில் போகும்போது நான் உற்சாகமாகத்தான் இருந்தேன். மாரிச்செல்வம் மாட்டிய நீள ஹோஸை யாரோ கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டாமல் விட்டதும் அந்த யாரோதான். அந்த ஆளைப் பிடித்தால் கேஸ் முடிந்தது. ரோஜா டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சோறு பொங்கலாம் என்று மேடத்திடம் சொன்னேன்.

"செய்யாத தப்பை அவர் ஏன் ஒத்துக்கிட்டார் ஒச்சு?"

நான் ரோட்டோரம் விற்கிற கப்பைக் கிழங்கைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐஸ் பிளான்ட் கொட்டகைக்குக் கதவு கிடையாது. மேலே துருப்பிடித்த தகரம், கீழே புழுதி மண். பெரிய டயரின் தடம் இன்னும் தெளிவாக இருந்தது. வண்டியைத் தூக்க ஜாக்கி வைத்த இடத்தில், மண்ணில் புதையாமலிருக்க இரண்டு வெட்டுக்கல்லை அடுக்கியிருந்தார்கள். மேல் கல் விரிசல் விட்டிருந்தது. மேடம் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் டயர் தடத்தின் தொடக்கத்தில் எதையோ மிதித்தேன்.

காய்ந்து கறுத்து, தோல் போலத் தட்டையாக மண்ணில் ஒட்டிக் கிடந்தது. உசிலம்பட்டியிலிருந்து வந்த புதிதில் நான் எர்ணாகுளத்தில் ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தவன். காய்ந்த எலுமிச்சையை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இன்னொரு தடத்தின் தொடக்கத்தில் இன்னொன்று. பின்னால் இரண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக நான்கு.

கொச்சியில் வண்டி தூக்கிக் கட்டுகிற பட்டறைகள் எத்தனையோ உண்டு. வேலை முடிந்ததும் எலுமிச்சை நசுக்குகிறவர் நான் கேள்விப்பட்டவரையில் ஒரே ஒருவர்தான். அப்படியானால் மாரிச்செல்வம் இங்கே வந்திருக்கிறார். சண்டை போட்ட மச்சினன் கூப்பிட்டதும் வந்து, நீள ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டே குட்டை ஹோஸோடு வண்டியை அனுப்பியிருக்கிறார். அந்த வண்டியை ஓட்டப்போகிறவன் வேலன் என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறார்.

"இனி மறதின்னு சொல்ல முடியாது மேடம்," என்றேன்.

மேடம் ஒரு எலுமிச்சையைப் பெயர்த்து, காகிதத்தில் பொதிந்து என்னிடம் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ரோஜாவிடம் போய் இதைச் சொல்லப்போகிறவர் அவர்தானே.

மாரிச்செல்வத்தின் பட்டறை, ரோஜாவின் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் நாலு வீடு தள்ளி இருக்கிறது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவர் ஒரு பழைய சீட்டில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், தோய்க்காத சட்டை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி அந்தச் சீட்டையே காட்டினார்.

மேடம் உட்காரவில்லை. பள்ளுருத்திக் கொட்டகைக்குப் போய்விட்டு வருகிறோம் என்றும், வண்டியை டெஸ்ட்டுக்காக இறக்கி ஏற்றியது தெரியும் என்றும் சொன்னார். நான் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். எலுமிச்சையைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, ஆமாம், மறுபடி தூக்கியது நான்தான் என்றார்.

"தனியாவா?"

"தனியாத்தான் மேடம். அவசரத்துல ஹோஸை விட்டுட்டேன்."

"கனமான வண்டி. அந்த சிமென்ட் தரையில ஜாக்கி வழுக்கியிருக்குமே. எப்படிச் சமாளிச்சீங்க?"

நான் வாயைத் திறந்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

"வழுக்கத்தான் செஞ்சுது," என்றார் மாரிச்செல்வம். "அடியில சாக்கு மடிச்சுப் போட்டுக்கிட்டேன்."

என் செருப்பில் அந்தக் கொட்டகையின் புழுதி மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சிமென்ட் அங்கே ஒரு பொட்டுகூடக் கிடையாது. மேடம் அதைச் சத்தம் போடாமல், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற குரலில் அவரிடம் சொன்னார். நீங்கள் அந்தக் கொட்டகையைப் பார்த்ததே இல்லை மாரிச்செல்வம் என்றார். எலுமிச்சை வைக்கிற பழக்கம் உங்களுடையதுதான், ஆனால் உங்களிடம் தொழில் பழகின ஆளுக்கும் அது இருக்கும் இல்லையா என்று கேட்டார்.

மாரிச்செல்வம் மறுபடி சீட்டில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து, வெல்டிங் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து வந்து பிரித்தார். உள்ளே புதுசு மாறாத நீள ஹோஸ்.

"நான் மாட்டினதுதான். நட்டுல நான் வெச்ச மஞ்சப் பெயிண்ட் இருக்கு பாருங்க. அவன் செத்த அன்னைக்கு சஜி குடோன்லேர்ந்து அவன் பையை நான்தான் எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள இருந்துச்சு."

வேலன் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தான் என்றார். பட்டையைச் சரியாக ஏற்றியிருந்தான், போல்ட்டைச் சரியாக முறுக்கியிருந்தான். ஸ்டேஷனில் வண்டியைப் பார்த்தபோது, தன் கையால் கட்டியது போலவே இருந்ததாம். ஹோஸை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டான்.

"எலுமிச்சம்பழத்தை மறக்கலை மேடம். அதை மறக்கலை. ஹோஸை மறந்துட்டான்."

அழுதார். ஆண்கள் அழும்போது நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து நிறுத்திவிடுவேன். அன்று அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

ரோஜாவிடம் சொல்ல வேண்டாம் என்று மேடத்தைக் கெஞ்சினார். தம்பி தன் தப்பாலேயே செத்தான் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள், பஸ் ஸ்டாப் ஜனங்களைக் காப்பாற்றினான் என்று ஊரே சொல்கிறது, அந்தப் பேர் அவனுக்கு இருக்கட்டும். திட்டுவதற்கு அவளுக்கு ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். மறதிக்குத் திட்டுவாள், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து ஆறிவிடுவாள் என்று நம்பினார்.

"அவங்க உங்களை மறதிக்குத் திட்டலை," என்றார் மேடம். "வேணும்னே கொன்னீங்களோன்னு நினைக்கறாங்க."

மாரிச்செல்வத்துக்கு முதலில் புரியவில்லை. மேடம் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சண்டையைச் சொன்னார், ராஜபாளையம் டிக்கெட்டைச் சொன்னார். அவர் கையிலிருந்த ஹோஸ் கீழே விழுந்தது. நான்தான் எடுத்துத் துணியில் சுற்றினேன். சொல்லுங்கள் என்றோ சொல்லாதீர்கள் என்றோ அதற்குமேல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

நாங்கள் போனபோது ரோஜா வீட்டு வாசலில் இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன. பிள்ளைகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார். நான் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜைமேல் வைத்தேன். அது தானாகப் பிரிந்துகொண்டது.

ரோஜா அதைப் பார்த்தாள்.

"இது எங்க கிடைச்சுது?"

பள்ளுருத்தியில், வண்டியை மறுபடி தூக்கின இடத்தில் என்று மேடம் சொன்னார். நாலு சக்கரத்துக்கும் நாலு கிடந்தது என்றார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரோஜா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள். "போறதுக்கு முந்தின நாள் வந்தான். அக்கா, நாலு எலுமிச்சம்பழம் குடுன்னான். எதுக்குடான்னேன். வயிறு சரியில்லை, பிழிஞ்சு குடிக்கணும்னான். பிழியறவன் எண்ணியா கேப்பான்? எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மச்சானுக்குத் தெரியாம எங்கியோ வண்டி கட்டறான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். நல்ல பழமாப் பாத்து எடுத்துக் குடுத்தேன்."

மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஹோஸைக் காட்டி, மீதியைச் சொன்னார். மாரிச்செல்வம் ஏன் பழியை எடுத்துக்கொண்டார் என்பதையும் சொன்னார். உனக்காகத்தான் என்றார்.

"எனக்காகவா?" ரோஜாவின் குரல் உயரவில்லை. "கொலைகாரனா இருப்பாரோன்னு இத்தனை நாள் அவரு புள்ளைங்களைத் தொட விடாம வெச்சிருந்தேனே. அந்தாண்ட கொடியில காயற அவரு சட்டையைக்கூட எடுத்து மடிக்கலை. அதுவும் எனக்காகவா?"

உள்ளே டிவியில் எதற்கோ சிரித்தார்கள்.

ரோஜா எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். மேஜைமேல் இருந்த எலுமிச்சையை அந்தக் காகிதத்திலேயே திரும்பப் பொதிந்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஹோஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"போலீஸ்ல உங்க சார்பா நாங்க பேசிக்கறோம்மா," என்றேன். "வேலன் பேரு கெடாம எப்படிச் சொல்றதுன்னு பாப்போம்."

"வேண்டாண்ணே. நானே சொல்லிக்கறேன்," என்றாள். "தம்பி மறந்துட்டான். பழம் குடுத்தது அவன் அக்கா. அவரு அங்க வரவே இல்லை. இதை நான் சொன்னாத்தான் நம்புவாங்க."

செருப்பு போடாமல் தெருவில் இறங்கினாள். பட்டறை ஷட்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து, கைப்பிடியைப் பிடித்து, முழுசாக மேலே தூக்கினாள்.

"ஸ்டேஷனுக்கு வாங்க," என்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. "சட்டையை மாத்திட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."